தையல் வகுப்புக்கு ஒரு பை

கோடை விடுமுறை முடிந்து செப்ரெம்பரில் யேர்மனியின் நகரங்களெங்கும் வொல்க்ஸ்ஹொக்சூல வகுப்புகள் மீண்டும் தொடங்கும். பெரியவர்களுக்கான இந்த மாலைப் பள்ளிகள் நேற்று வந்தவையல்ல. இவற்றை ஆதரிக்க வேண்டும் என்று 1919 ஆம் ஆண்டின் வைமார் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. இன்று நாடு முழுவதும் எண்ணூறுக்கு மேல் இருக்கின்றன. டொச் படிக்கப் போய் வந்தவர்களுக்கு அந்த வாசல் நன்றாகத் தெரியும். அதே கட்டடத்தில் தையல் வகுப்பும் நடக்கிறது என்பது பலருக்குப் பிந்தித்தான் தெரிய வருகிறது. உதவிப்பணம் பெறுபவர்களுக்குப் பல நகரங்களில் கட்டணக் கழிவு உண்டு. பதியும்போதே கேட்டுவிடுங்கள்.

ஆனால் நான் எழுத வந்தது பதிவதைப் பற்றியல்ல. பதிந்த பிறகு நின்றுவிடுவதைப் பற்றி. மூன்றாம் நான்காம் கிழமையோடு வகுப்பை விட்ட சகோதரிகளைக் கேட்டால், "பாஷை விளங்கேல்லை" என்பார்கள், "பிள்ளையளை விட்டிட்டுப் போக ஏலாது" என்பார்கள். இரண்டும் பொய்யல்ல. இன்னும் கொஞ்சம் கதைத்தால் வேறொன்றும் வெளியே வரும். "ஒவ்வொரு கிழமையும் ஏதாவது ஒண்டை மறந்துபோட்டுப் போறன். பக்கத்து மனுசியிட்டைக் கேக்க வெக்கமாக் கிடக்கு."

இது சின்ன விசயம் என்று நினைக்க வேண்டாம். மாலை வகுப்பு இரண்டரை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆசிரியை உங்கள் மேசைக்கு வந்து நிற்பது பத்து நிமிடமோ பதினைந்து நிமிடமோ. அந்த நேரத்தில் சோக் எங்கே, ரேப் எங்கே என்று பையைக் கிளறிக்கொண்டு நின்றால் அவர் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். கத்தரிக்கோலைக் கடன் கேட்க வேண்டுமென்றால் முதலில் ஒரு வசனத்தை மனதுக்குள் கட்ட வேண்டும். டொச் சரளமாக வராதவருக்கு அது எவ்வளவு பாரம் என்று எமக்கெல்லாம் தெரியும். ஒரு மாலைக்குள் நாலு தரம் அப்படிக் கேட்க வேண்டி வந்தால் அடுத்த கிழமை தலையிடி வராமல் என்ன செய்யும்? கடன் கேட்டால்தானே பழக்கம் வரும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்களிடம் ஒரு குண்டூசிப் பெட்டி கூடுதலாக இருந்து, அதைப் பக்கத்து மேசைக்கு நீட்டிப் பழகுவதுதான் நல்ல பழக்கம்.

எனவே பையை ஒழுங்கு செய்வோம். சாமான்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும். என்றைக்கும் பைக்குள்ளேயே கிடக்க வேண்டியவை ஒரு பகுதி: கத்தரிக்கோல், ஊசிகள், குண்டூசி, அளவு நாடா, சோக், தையல் பிரிக்கும் சின்னக் கத்தி, அடிமட்டம், பென்சில், கொப்பி. தைக்கும் உடுப்போடு மாறுபவை மற்றப் பகுதி: துணி, பற்றன், நூல், சிப், பொத்தான், லைனிங். முதற் பகுதியை வீட்டுப் பாவனைக்கு வெளியே எடுக்கவே கூடாது. இரண்டாவது பகுதியை ஒரு உடுப்புக்கு ஒரு பொலித்தீன் பை என்று கட்டி வையுங்கள். மகளின் பாவாடைக்கு வாங்கிய சிப் அந்தப் பாவாடைத் துணியோடேயே கிடந்தால், அதை எங்கே வைத்தேன் என்ற தேடுதல் இல்லை.

எங்கள் வீடுகளில் தையற் சாமான் இருக்கும் இடம் பிஸ்கற் ரின்தான். பிள்ளைகள் ஆசையோடு மூடியைத் திறந்து நூற்கட்டையைப் பார்த்து ஏமாறாத வீடு ஏது? அலுமாரிக்குள் இருக்கும் மட்டும் அது நல்ல பெட்டி. பஸ்ஸில் கொண்டுபோக உதவாது. எல்லாம் கலந்து நூல்கள் சிக்குப்படும். ஒரு குலுக்கலில் மூடி கழன்றால் குண்டூசியெல்லாம் பஸ் முழுக்க. கடையில் தரும் பையும் சரியில்லை, கத்தரிக்கோல் நுனி அதைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

இதற்காகக் காசு கொடுத்துப் பை வாங்கத் தேவையில்லை. பிள்ளைகள் நாலாம் வகுப்பு முடித்ததும் தூக்கி எறியும் ஷூல்ரன்சன் அனேகமாக ஒவ்வொரு வீட்டு நிலக்கீழ் அறையிலும் கிடக்கிறது. விலை கொடுத்து வாங்கியதை எறியவும் மனமில்லாமல் வைத்திருக்கிறோம். பெட்டி போல் விறைப்பான உடம்பு, தண்ணீர் இறங்காது, கொப்பிகளுக்கென்று தடுப்பு இருக்கிறது. அந்தத் தடுப்புக்குள் மடித்த பற்றன் தாள் கசங்காமல் நிற்கும், பக்கத்துப் பைகளில் நூலும் சோக்கும் போகும். முதுகில் போட்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். ஒரு கையில் பிள்ளை, மறுகையில் குடை என்று போகிறவர்களுக்கு இதை விட வேறு என்ன வேண்டும்? மாரி காலத்து இருட்டில் அதன் ஒளிரும் பட்டி காரோட்டிகளுக்கு உங்களைக் காட்டும். வெளியே குதிரைப் படமோ பந்துப் படமோ இருக்கும்தான். வீட்டுக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

கத்தரிக்கோல் விசயத்தில் கண்டிப்பாக இருங்கள். துணி வெட்டும் கத்தரிக்கோலால் கடதாசி வெட்டினால் கூர் மழுங்கிவிடும். பிறகு பட்டுத் துணியை அது வெட்டாது, கடித்து இழுக்கும். வீட்டில் பார்சல் பிரிக்க, மீன் செட்டை வெட்ட, பிள்ளைகளின் பள்ளி வேலைக்கு என்று வேறொன்று வாங்கி வையுங்கள். துணிக் கத்தரிக்கோலின் பிடியில் சிவப்பு நாடா ஒன்றைக் கட்டிவிட்டு, "இதைத் தொட்டால் தெரியும்" என்று ஒருதரம் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். கொண்டுபோகும்போது பழைய கண்ணாடிக் கூடு ஒன்றுக்குள்ளோ தடித்த துணி உறைக்குள்ளோ நுனியை மூடி வைக்க வேண்டும்.

ஊரில் ஊசியைச் சுவர்க் கலண்டரில் குத்தி வைப்போம். இங்கே நிலமெல்லாம் கம்பளம், அதில் தவழும் பிள்ளை. குண்டூசியை எண்ணி எடுத்துப் போய் எண்ணித் திரும்பக் கொண்டு வாருங்கள். முப்பது போதும். முறிந்த ஊசியை வெறும் குளிகைப் போத்தல் ஒன்றுக்குள் போட்டு மூடுங்கள். மெசின் ஊசிக்கு, ஊரில் 14 ஆம் நம்பர், 16 ஆம் நம்பர் என்று கேட்டு வாங்கினோம். இங்கே பைக்கற்றில் 90/14, 100/16 என்று இரண்டு இலக்கமும் இருக்கும். 90 என்றால் ஊசியின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் நூறில் தொண்ணூறு பங்கு. சேலைத் துணிக்கு 60 அல்லது 70, சாதாரண பருத்திக்கு 80, ஜீன்ஸ் துணிக்கு 100. இழுபடும் துணிக்கு நுனி உருண்ட ஊசி தனியாக உண்டு. வீட்டு மெசின்களுக்கு 130/705 எச் என்று எழுதிய பைக்கற் பொருந்தும். ஊசியை எட்டு மணித்தியாலத் தையலுக்கு ஒருதரம் மாற்றச் சொல்வார்கள். முறியும் வரை பாவிப்பது எங்கள் வழக்கம், அதனால்தான் தையல் தவறுகிறது.

இப்போது அளவு நாடாவுக்கு வருகிறேன். இதை ஊன்றி வாசியுங்கள், துணி வீணாகும் இடம் இதுதான். எமது தையற்காரர் அளந்ததெல்லாம் அங்குலத்தில். "எனக்கு 36" என்று நாங்கள் சொன்னால் மார்புச் சுற்று 36 அங்குலம், அதாவது 91 சென்ரிமீற்றரும் கொஞ்சமும். வகுப்பில் பாவிக்கும் பேர்டா பற்றனிலும் 36 என்று ஒரு அளவு இருக்கிறது. ஆனால் அதன் மார்புச் சுற்று 84 சென்ரிமீற்றர், எங்கள் கணக்கில் 33 அங்குலம். 36 அங்குலக்காரிக்குப் பொருந்துவது பேர்டாவில் 40 ஆம் அளவு, அதன் மார்புச் சுற்று 92. 36 என்று கண்டவுடன் வெட்டினால் சட்டை எட்டுச் சென்ரிமீற்றர் குறையும், போட முடியாது. ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் சென்ரிமீற்றரும் உள்ள நாடாவை வாங்குங்கள். கொப்பியின் முதற் பக்கத்தில் உங்கள் மார்பு, இடை, இடுப்பு, முதுகு நீளம், கை நீளம் எல்லாவற்றையும் இரண்டு கணக்கிலும் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் ஒரு பக்கம், திகதியோடு, அவர்கள் வளர்ந்துகொண்டே இருப்பார்கள்.

பேர்டா இதழோடு வரும் பற்றன் தாளில் பல உடுப்புகளின் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். அதை வெட்டக் கூடாது, மெல்லிய தாளில் பிரதி எடுக்க வேண்டும். அந்தக் கோட்டில் தையலுக்கு விடும் ஓரம் சேர்ந்திருக்காது. தையலுக்கு ஒன்றரைச் சென்ரிமீற்றர், கீழ்க் கரை மடிப்புக்கு நாலு என்று நாங்கள்தான் சேர்க்க வேண்டும். ஆகவே பிரதித் தாளையும் பல்லுச் சில்லையும் பையில் வையுங்கள். முடிந்தால் பிரதி எடுக்கும் வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போங்கள். வகுப்பு நேரத்தை ஆசிரியையிடம் கேட்டுச் செய்ய வேண்டிய வேலைக்கு வைத்திருங்கள்.

சேலைச் சட்டை தைக்கப் பழக விரும்புபவர்கள் பலர். ஆசிரியை சேலைச் சட்டையைக் கண்டிருக்கவே மாட்டார். வாயால் விளங்கப்படுத்தப் போய்க் களைக்க வேண்டாம். நன்றாகப் பொருந்திய பழைய சட்டை ஒன்றின் தையலை ஒரு பாதி மட்டும் பிரித்து, மற்றப் பாதியை அப்படியே விட்டுக் கொண்டுபோங்கள். பிரித்த பாதி பற்றன், பிரிக்காத பாதி விளக்கம். கூடவே மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணித் துண்டு ஒன்று. வகுப்பு அயன்பெட்டியின் சூட்டை நம்பிப் பட்டிலோ சரிகையிலோ நேரே வைக்காமல், இடையில் இதைப் போட்டு அழுத்தலாம்.

நூலுக்குத் துணியில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். கட்டையில் நிற இலக்கம் இருக்கும். கூற்றர்மான் நூலில் 800 வெள்ளை, 000 கறுப்பு. இலக்கத்தைக் கொப்பியில் குறித்தால் முடிந்த பிறகு அதையே வாங்கலாம். ஐம்பது நிறம் ஒரே பெட்டியில் மலிவாக வருவது வேண்டாம், அறுந்து அறுந்து மெசினையும் பஞ்சாக்கும். பொபின்கள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் மெசினுக்கு மெசின் வேறுபடும். முதல் நாளே வகுப்பு மெசினின் பொபினைக் கேட்டு அதே வகையில் நாலு வாங்கிவிடுங்கள்.

சில இடங்களில் சொந்த மெசின் கொண்டுவரச் சொல்வார்கள், அறிவித்தலில் எழுதியிருக்கும். பிளாஸ்ரிக் உடம்பு மெசின் ஆறேழு கிலோ வரும், சந்தைக்குப் போகும் சில்லு வண்டியில் வைத்து இழுக்கலாம். பழைய இரும்புச் சிங்கரைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டாம், அது வீட்டிலேயே இருக்கட்டும். கொண்டுபோகும்போது ஊசியைக் கழற்றி, அழுத்தும் பாதத்துக்குக் கீழே துணித் துண்டு ஒன்றை வைத்துப் பாதத்தை இறக்கிவிடுங்கள். பெடலும் வயரும் மெசினோடேயே போக வேண்டும். பெடல் வீட்டில் கிடந்தால் அன்றைய வகுப்பு அவ்வளவுதான்.

இன்னொரு யோசனை. ஒவ்வொரு சின்னப் பையிலும் உள்ளே இருப்பதன் பெயரைத் தமிழிலும் டொச்சிலும் எழுதி ஒட்டுங்கள். கத்தரிக்கோல் - ஷேர, ஊசி - நாடெல், நூல் - பாடன், சோக் - கிறைட, துணி - ஸ்ரொவ், கரை மடிப்பு - சவும், தையலுக்கு விடும் ஓரம் - நாற்சூகாப. ஆசிரியை சொல்லும்போது கை அந்தப் பையைத் தேடும், இரண்டு மூன்று கிழமையில் எழுத்துத் தேவைப்படாது. எழுத்துக்கூட்டப் பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்களுக்கும் அம்மாவைத் திருத்துவதில் ஒரு சந்தோசம்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2004 ஆம் ஆண்டின் கைத்தொழிற் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, தையற்கடை நடத்த மைஸ்ரர் பத்திரம் தேவையில்லை. நகரத் தொழிற் பதிவகத்திலும் கைத்தொழிற் சம்மேளனத்திலும் பதிய வேண்டும். உங்கள் வதிவிட அனுமதியில் சுயதொழிலுக்கு இடமிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கலியாண வீட்டுக் காலத்தில் சட்டை தைக்க ஆள் தேடி அலைகிறவர்கள் எமக்குள்ளேயே எத்தனை பேர்!

பையை வகுப்புக்குப் போகும் பின்னேரத்தில் அடுக்காதீர்கள். அந்த நேரத்தில்தான் சோறு அடுப்பில் இருக்கும், தொலைபேசி அடிக்கும், சின்னவன் விழுந்து அழுவான். முதல் நாள் இரவு பிள்ளைகள் படுத்த பிறகு அடுக்கி வாசலில் வையுங்கள். அதைவிட நல்லது, வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே அடுத்த கிழமைக்கு என்ன வேண்டும் என்று கொப்பியில் எழுதிக்கொண்டு எழும்புவது. சாமான்களின் முழுப் பட்டியலை ஒரு மட்டையில் எழுதிப் பையின் மூடிக்கு உட்புறம் ஒட்டிவிட்டால், மூடும்போது ஒருதரம் கண்ணை ஓட்டலாம்.

பற்றன் தாளில் எங்கள் கோட்டை மட்டும் பிரித்தெடுத்துப் பிரதி எடுப்பது எப்படி என்று அடுத்த இதழில் எழுதுகிறேன். அதற்குள் ஒரு பென்சிலும் மெல்லிய தாளும் வாங்கி வையுங்கள்.