பாட்டனாரின் விரிப்பு

“பாட்டன் பாட்டிமார் செல்லம் கொடுத்துப் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள்” என்று படித்த பெற்றோர் சிலர் முறையிடுகின்றனர். நாம் இதனை ஏற்பதற்கில்லை.

கஃபாவின் நிழலில் அப்துல் முத்தலிபுக்கென விரிக்கப்பட்ட விரிப்பில் அவருடைய மைந்தர்களே அமரத் துணிவதில்லை. சிறுவராயிருந்த அண்ணலார் (ஸல்) அதன்மீது வந்து அமர்வார்கள். தந்தையின் உடன்பிறந்தோர் விலக்க முற்படுவர். பாட்டனாரோ தடுத்து, அருகிருத்தி, முதுகைத் தடவிக்கொடுப்பார். அண்ணலாரின் 8ஆம் வயதில் பாட்டனார் மறையும்வரை நீடித்த அரவணைப்பு அது. செல்லம் கெடுக்கும் என்போர் இதற்கு என்ன விடை வைத்திருக்கின்றனர்?

சோற்றுக்கு முன் மிட்டாய் கொடுப்பது தவறென்றால் சொல்லுங்கள், மறுப்பாரில்லை. ஆனால், பிள்ளை அழுதால் கைப்பேசியைத் திணிப்பவர்கள், அதில் பேசுகிறவன் யாரென்று கேட்பதில்லை. நன்னாவின் மடிக்கு மட்டும் நேரக்கணக்கு! வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரனோடு பேச நன்னிக்கு ஆங்கிலம் தெரியவில்லை. அவனுக்கோ தமிழ் கற்பிக்கப்படவில்லை. இதில் கெடுத்தது எந்தப் பாட்டி?