பத்தியில் இருப்பதெல்லாம் விடையா?



இந்த இதழின் நடுப்பக்கத்தில் புளியறையைப் பற்றி ஓர் உரையாடலும், அதன் கீழே சில கேள்விகளும் வந்திருக்கின்றன. பிள்ளைகள் சமாச்சாரம் என்று பெரியவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிடக் கூடாது. அதற்காகவே இம்முறை அதைப் பற்றி எழுதுகிறேன்.

செங்கோட்டையிலிருந்து கொல்லம் சாலையில் போகிறவர்களுக்குப் புளியறை என்றதும் சோதனைச் சாவடியும், நீண்டு நிற்கும் லாரி வரிசையும், அதைத் தாண்டியதும் வரும் எஸ் வளைவும் ஞாபகத்துக்கு வரும். வியாழக்கிழமைகளில் வருகிறவர்களுக்குத் தட்சிணாமூர்த்தி சன்னதி. பறவை ஆய்வாளர்களுக்கோ இது வேறோர் எல்லை. வடக்கிலிருந்து உயரமாக வரும் மேற்குத் தொடர்ச்சி மலை இங்கே தாழ்ந்து, ஏறக்குறைய ஏழெட்டு கிலோமீட்டர் இடைவெளி விட்டு, தெற்கே அகத்தியர் மலைப் பக்கம் மறுபடி எழுகிறது. செங்கோட்டைக் கணவாய் என்பது இதுதான். தென்காசிக்குச் சாரல் காற்று வருவதும், கொல்லம் ரயில் போவதும் இந்த வழியாகத்தான்.

வி.வி.ராபின், சி.கே.விஷ்ணுதாஸ், உமா ராமகிருஷ்ணன் முதலிய ஆய்வாளர்கள் 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மலையுச்சிச் சோலைக்காடுகளில் வாழும் 'ஷோலக்கிளி' என்ற சிறு பறவை, பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓர் இனம். பாலக்காட்டுக்கும் செங்கோட்டைக்கும் நடுவில், ஆனைமலை, பழனிமலைப் பக்கம் இன்னோர் இனம். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே மூன்றாவது இனம். அந்த மூன்றாவது, அறிவியலுக்கே புதியது. அகத்தியர் மலைப் பகுதிக்கு வழங்கும் அசம்பு மலை என்ற பெயரையே அதற்கு வைத்தார்கள். நம் ஊருக்கு மேலே, மேகம் மூடிக் கிடக்கும் காட்டில், வேறெங்கும் இல்லாத ஒரு பறவை இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இதை வைத்துத்தான் ஓர் ஆசிரியரும் இரண்டு பிள்ளைகளும் பேசிக்கொள்வதாக உரையாடலை எழுதினோம். அதில் ஒரு பகுதி:

"சார், பறவைக்குத்தான் றெக்கை இருக்கே. இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் பறந்து போயிராதா?"

"அது எங்கன இருக்கிற பறவை?"

"உச்சியில, சோலைக்காட்டுக்குள்ள சார். தரையை ஒட்டியே திரியும்னு போட்டிருக்கு. வெயில் அடிக்கிற வயக்காட்டு மேல அது எதுக்கு வரப்போவுது?"

"அப்படித்தான் இருக்கும்னு ஆராய்ச்சி பண்ணவங்களும் நினைக்காங்க. ஆனா ரெண்டு பக்கமும் வேற வேற இனம்னு எதை வெச்சுச் சொன்னாங்க?"

"வலை கட்டிப் பிடிச்சு, துளி ரத்தம் எடுத்து, மரபணுவை ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க சார்."

அச்சுக்குப் போகும் முன், தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் சிலரிடம் இதைக் கொடுத்துப் பார்த்தோம். முதல் கேள்வி: கணவாயின் இரு பக்கமும் பறவைகள் வேறுபடக் காரணம் என்ன? நன்றாகப் படிக்கிற பிள்ளைகளிலேயே பலர் எழுதிய விடை: "பறவைக்கு றெக்கை இருப்பதால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பறந்து போகும்." ஓர் எழுத்துப்பிழை கிடையாது. பத்தியில் உள்ள வரிதான். ஆனால் அது உரையாடலில் முதலில் கேட்கும் பையனின் சந்தேகம். உரையாடல் முழுவதும் அந்தச் சந்தேகத்துக்குத்தான் பதில் தேடுகிறது.

பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே வருகிறது என்று தேடு, அந்த வரியை எடுத்து எழுது என்றுதான் நாம் பழக்கியிருக்கிறோம். ஒரு தலைவரின் வாழ்க்கைக் குறிப்புக்கு அந்த வழி போதும். அவர் பிறந்த ஊர் ஒரே ஒரு வரியில்தான் இருக்கும். ஆய்வைப் பற்றிய உரையாடல் அப்படி இல்லை. அதில் ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுப்பார். மறுத்தவரே பிறகு பாதி ஒப்புக்கொள்வார். யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது, எவ்வளவு உறுதியாகச் சொன்னது என்று பார்க்காமல் ஒரு வரியைத் தொடவே முடியாது.

கலிலியோ 1632-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூல் மூன்று பேரின் உரையாடல்தான். லத்தீனை விட்டு, சாதாரண மக்கள் படிக்கும் இத்தாலிய மொழியில் எழுதினார். அதில் சிம்ப்ளீசியோ என்பவர் பூமி அசையாது என்ற பழைய கொள்கைக்காக விடாமல் வாதாடுகிறார். அவர் பேச்சிலிருந்து ஒரு வரியை உருவி 'கலிலியோ கூறுவது' என்று எழுதினால், கலிலியோ எதற்காக 1633-இல் விசாரணைக் கூண்டில் நின்றாரோ அதற்கு நேர் எதிரானதை அவர் வாயில் வைத்ததாகிவிடும்.

ஜேன் மார்செட் எழுதிய 'வேதியியல் உரையாடல்கள்' பற்றியும் சொல்லத் தோன்றுகிறது. 1806-ஐ ஒட்டி லண்டனில், ஆசிரியர் பெயர் போடாமலே வந்த புத்தகம். ஓர் ஆசிரியையும் எமிலி, கரோலின் என்ற இரண்டு பெண்பிள்ளைகளும் பேசிக்கொள்வார்கள். கரோலின் அவசரக்காரி, எடுத்த எடுப்பில் தப்பாகவும் சொல்வாள், துணிந்து எதிர்த்தும் கேட்பாள். புத்தகம் நகர்வதே அவளால்தான். பைண்டிங் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்த ஏழைப் பையன் மைக்கேல் ஃபாரடே இதைப் படித்தார். அதில் சொன்னதைத் தன்னால் முடிந்த சின்னச் சின்னச் சோதனைகள் செய்து சரிபார்த்துக்கொண்டதாகப் பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதே புத்தகம் அமெரிக்காவுக்குப் போனபோது, காம்ஸ்டாக் போன்ற பதிப்பாசிரியர்கள் பள்ளிகளுக்காக அதில் கேள்விகளைச் சேர்த்து அச்சிட்டார்கள். உரையாடலுக்கு அடியில் கேள்வி போடும் வழக்கத்துக்கு ஏறக்குறைய இருநூறு வயது. ஆனால் ஃபாரடே தமக்குத் தாமே போட்டுக்கொண்ட கேள்வி அந்தப் பட்டியலில் அடங்குவதா என்ன? 'இது நிஜந்தானா, செய்து பார்க்கலாமா' என்பது அவர் கேள்வி. அந்த ஒரு கேள்வியைத்தான் நம் பிள்ளைகளிடமிருந்து வரவழைக்க நான் மிகவும் ஆசைப்படுகிறேன்.

இதற்கான கருவி நம்மிடமே இருக்கிறது. நன்னூல் சொல்லும் ஆறு வினா வகைகளையும் எட்டு விடை வகைகளையும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டு மதிப்பெண்ணோடு மறந்தும் போகிறார்கள். அதை இந்த உரையாடலின் மேல் வைத்துப் பாருங்கள். "எங்கன இருக்கிற பறவை?" என்று ஆசிரியர் கேட்பது விடை தெரிந்தே கேட்கும் அறிவினா. பையன் கேட்பது அறியாவினாவா, ஐயவினாவா? இதில் எங்கள் ஆசிரியர் குழுவிலேயே வாதம் நடந்தது. பையனின் கேள்விக்கு ஆசிரியர் இன்னொரு கேள்வியையே பதிலாகத் தருகிறாரே, அது வினா எதிர் வினாதல். மனப்பாடப் பகுதி என்று ஒதுக்கியது, ஒரு பேச்சு எப்படி நகர்கிறது என்று பார்க்கிற கண்ணாகிவிடுகிறது.

இப்படிப் பிரித்துப் படிப்பதை வெளித்தேர்வுகளும் கேட்கின்றன. உலக நாடுகளின் பதினைந்து வயது மாணவர்களைச் சோதிக்கும் பீசா தேர்வின் 2009 சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டு, பட்டியலின் கடைசிப் பகுதியில் வந்தன. அதே தேர்வின் 2018 சுற்றில் ஈஸ்டர் தீவைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. அந்தத் தீவின் மரங்கள் அழிந்தது மனிதர்கள் வெட்டியதாலா, எலிகள் விதைகளைத் தின்றதாலா என்று ஆய்வாளர்கள் முரண்படுவதைக் கொடுத்து, எது உண்மைத் தகவல், எது கருத்து என்று பிரிக்கச் சொன்னார்கள். நம் பிள்ளைகளால் முடியாத வேலை இல்லை. அப்படி ஒரு கேள்வியை நாம் அவர்களிடம் கேட்பதே அபூர்வம், அவ்வளவுதான்.

நடுப்பக்கத்தின் நான்காவது கேள்வியை அதனால்தான் வைத்தோம்: இந்த உரையாடலில் ஆய்வாளர்கள் கண்டறிந்தது எது, அவர்கள் ஊகிப்பது எது? மரபணு வேறுபாடு கண்டறிந்தது. பறவை வயல்வெளியைத் தாண்ட மறுக்கிறது என்பது, "நினைக்காங்க" என்ற ஒரு சொல் தாங்கி நிற்கும் ஊகம். விடை எழுதும்போது அந்தச் சொல்லைத் தவறவிட்டால், ஊகத்தை முடிவாக்கிவிடுகிறோம்.

விடைகளை அனுப்புங்கள். ஒவ்வொரு விடையோடும் அது யாருடைய பேச்சிலிருந்து கிடைத்தது என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். ஐந்தாவது கேள்விக்கான இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். அந்த உரையாடலில் ஆசிரியராலும் பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியை அங்கே பிள்ளைகள் எழுத வேண்டும். நல்லவற்றை அடுத்த இதழில் அவர்கள் பெயரோடு வெளியிட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையில் வேலை செய்யும் ஆய்வாளர்களிடம் பதில் கேட்டு வாங்கித் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்