மிச்சம் கூட்டலா, கழித்தலா?

சமப் பங்கீட்டுச் சொற்கணக்கில், அதாவது ஒரு குவியலை ஆளுக்கு இத்தனை எனப் பிரிப்பதை உரைநடையில் சொல்லிப் பங்கு பெறுவோர் எத்தனை பேர், பொருள் எத்தனை என்று கேட்கும் கணக்கில், மாணவர் தடுமாறுவது பெரும்பாலும் சமன்பாட்டைத் தீர்க்கும்போது அன்று, அதை அமைக்கும்போதுதான். இத்தடுமாற்றத்துக்கு மருந்தாக, ‘மிச்சம்’ என்றால் கூட்டு, ‘குறைவு’ என்றால் கழி எனச் சொல்லுக்கொரு செயலை மனப்பாடமாக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டியது.

சிறுவர் சிலருக்கு ஆளுக்கு 4 நெல்லிக்காய் கொடுத்தால் 9 மிச்சம், ஆளுக்கு 6 கொடுக்க முனைந்தால் 7 குறைவு என்று கொள்வோம். சிறுவர் எண்ணிக்கையை ‘அ’ என்னும் மாறியால், அதாவது மதிப்பு இன்னும் அறியப்படாத எண்ணுக்காக நிற்கும் எழுத்தால், குறித்தால், நெல்லிக்காய்கள் ஒருவகையில் 4அ + 9, மற்றொருவகையில் 6அ − 7 ஆகின்றன. இரண்டும் ஒரே குவியலைக் குறிப்பதால் 4அ + 9 = 6அ − 7 என்றாகி, 2அ = 16 எனச் சுருங்கி, சிறுவர் 8, நெல்லிக்காய் 41 என விடை கிடைக்கிறது. இங்குள்ள 16 வெறும் இடைநிலை எண் அன்று; ஆளுக்கு இன்னும் 2 கொடுக்கத் தேவையானவை, கையிலுள்ள 9உம் இல்லாத 7உம் சேர்ந்தவை என்பதை மாணவர் காண வேண்டும்.

இதே வடிவம் சீனத்தின் ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்னும் பழங்கணித நூலில், கி.பி. 263இல் லியூ ஹுயி உரை கண்ட அந்நூலின் 7ஆம் அத்தியாயத்தில், வேறொரு கோலத்தில் வருகிறது: சிலர் கூடி ஒரு பொருள் வாங்குகையில் ஆளுக்கு 8 கொடுத்தால் 3 மிகுதி, 7 கொடுத்தால் 4 குறைவு. இங்கே விலை 8அ − 3, அதுவே 7அ + 4. ஆட்கள் 7, விலை 53. மிகுதி கழித்தலாகவும் குறைவு கூட்டலாகவும் மாறிவிட்டன. பங்கிடும்போது மிச்சம் குவியலுக்குள் அடங்குகிறது. பணம் திரட்டும்போது மிகுதி விலைக்கு வெளியே நிற்கிறது. குறிச்சொல்லை நம்பிய மாணவர் இவ்விடத்தில் தவறுவது உறுதி.

குறியீடின்றி இயங்கிய அந்நூலின் விதி குறுக்கே பெருக்கிக் கூட்டிப் பங்குகளின் வேறுபாட்டால் வகுக்கச் சொல்கிறது: 8 × 4 + 7 × 3 = 53, வகுக்கும் எண் 1. நெல்லிக்காய்க்கும் அது பொருந்தும்: 4 × 7 + 6 × 9 = 82, அதை 2ஆல் வகுக்க 41. மிகுதி எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேளாமலே விதி விடை தந்துவிடுகிறது. சமன்பாடோ அக்கேள்விக்கு விடை காணாமல் ஒரு வரிகூட எழுத விடுவதில்லை. இயற்கணிதத்தைக் கற்பிப்பதன் பெரும்பயன் இந்தக் கட்டாயமே.

ஆகவே எழுத்தை அறிமுகப்படுத்துமுன் ஓர் ஊக எண்ணை வைத்துப் பார்ப்பது நன்று. சிறுவர் 5 பேர் என்றால் குவியல் 29ஆகவும் 23ஆகவும் வெளிப்படும். ஒரே குவியல் இரு எண்ணாக இருத்தல் இயலாது. ஒரு சிறுவர் கூடுந்தோறும் இடைவெளி இரண்டு குறைவதால் 6ஐ அழிக்க மூவர் தேவை என்பதை மாணவரே கண்டறிவர். வினா அமைக்கும் ஆசிரியரும் மிச்சமும் குறைவும் சேர்ந்த தொகை பங்குகளின் வேறுபாட்டால் மீதியின்றி வகுபடுகிறதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்கண்ட கணக்கில் குறைவை 8 என மாற்றினால் எட்டரைச் சிறுவர் விடையாக வருவர்.