எத்தனை அடுப்பு?

பெங்களூரின் ஆய்வு மாணவர் எட்டுப் பேர் கோடை விடுமுறையில் இமயமலைக்குப் புறப்படத் திட்டமிட்டால், கூடாரமும் காலணியும் பயணச்சீட்டும் ஒரே மாலையில் முடிவாகிவிடும். இழுபறியில் நிற்பது ஒரே கேள்வி: எத்தனை அடுப்பு சுமப்பது? அருகிலுள்ள குமார பர்வதத்திற்கு இக்கேள்வியே எழாது. அது புஷ்பகிரி வனவிலங்குச் சரணாலயத்திற்குள் இருக்கிறது. சரணாலயத்திற்கு ஆபத்து விளையும்படி நெருப்பு மூட்டுவதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ பறித்த உயிர்களை நினைப்பவர் சட்டம் இல்லாவிடினும் அங்கே கட்டுச்சோற்றோடுதான் போவார்.

இமயத்தில் நிலைமை வேறு. கணக்கு எளியது. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் நீர் 88 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. 10 பாகைக் குளிர்நீர் ஒரு லிட்டரைக் கொதிக்கவைக்க 330 கிலோஜூல் அளவு வெப்பம் வேண்டும். பாதி வெப்பம் காற்றில் போகிறது என்று கொண்டால், செலவாகும் வாயு 14 கிராம். இதில் பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு: எரிபொருளின் எடை நீரின் அளவைப் பொறுத்ததே ஒழிய, அடுப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. இரண்டாம் அடுப்பு கூட்டும் சுமை சில நூறு கிராம். அது மிச்சப்படுத்துவதோ நேரம். 2.5 கிலோவாட் அடுப்பொன்றில் ஐந்து லிட்டர் கொதிக்க, காற்று வீசாதபோதே இருபது நிமிடத்திற்கு மேலாகும். தேநீர், சோறு, குழம்பு, மறுநாளைக்கான குடிநீர் என்று வரிசையில் நின்றால் எட்டுப் பேரும் இருட்டிய பிறகும் குளிரில் காத்திருப்பர். பொறுமையிழந்தவர் அடுப்பைக் கூடாரத்திற்குள் கொண்டுபோவார். கார்பன் மோனாக்சைடு அங்கேதான் காத்திருக்கிறது. அதைவிட முக்கியம், ஒற்றை அடுப்பின் திருகோ முனையோ பழுதானால் மாற்று இல்லை. ஆகவே எட்டுப் பேருக்கு இரண்டு. மூன்றாவது வீண்.

இவ்வளவில் விவாதம் முடிந்திருக்க வேண்டும். முடிவதில்லை. 'இரண்டு' என்றவுடன் யாரேனும் ஒருவர், மிக இயல்பாக, "ஒன்று சைவத்திற்கு, மற்றது அசைவத்திற்கு" என்பார். ஒருவரும் மறுக்கமாட்டார்கள், இணக்கமான தீர்வாகவே அது தோன்றும். உண்மையில் அக்கணத்தில் இரண்டு அடுப்பு என்ற ஏற்பாடு குலைந்து, இரண்டு ஒற்றை அடுப்புகள் ஆகின்றன. ஒன்று பழுதானால் மற்றதில் அந்தப் பாத்திரத்தை ஏற்ற முடியாது. ஒன்று காலியாக இருக்கும்போதே மற்றதன் முன் வரிசை நிற்கும். சுமையைச் சுமந்துவிட்டு அதன் பயனைத் துறப்பது இது.

அடுப்பு வெறும் கருவி அன்று என்பதைத் தமிழ் நன்கறியும். 'தனி அடுப்பு வைத்துவிட்டான்' என்றால் குடும்பம் பிரிந்தது என்றே பொருள். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஒரு குடும்பத்தை இரத்த உறவால் வரையறுப்பதில்லை. ஒன்றாக வாழ்ந்து பொதுச் சமையலில் உண்போரையே ஒரு குடும்பமாக எண்ணுகிறது. 1920-களில் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனியே உணவிட்டதை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய குரல் தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கியது. சென்னை ஐ.ஐ.டி.யின் உணவுக்கூடம் ஒன்றில் சைவ, அசைவ மாணவருக்குத் தனித்தனி வாயில் என்ற அறிவிப்பு ஒட்டப்பட்டது 2018-இல். ஏறக்குறைய நூறாண்டு இடைவெளி, கேள்வி அதேதான். புலால் உண்ணாதவர் எல்லாரும் தீட்டுப் பார்ப்பவர் என்பதில்லை. சிலருக்கு அது நோன்பு, சிலருக்கு வாடை ஒவ்வாது, சிலருக்குக் கொல்லாமை. அவர்களின் கோரிக்கை நியாயமானது. அதற்குரிய விடை தனிச் சட்டியும் தனிக் கரண்டியும். சட்டியின் அடியில் எரியும் தீக்கு மீனும் தெரியாது, பருப்பும் தெரியாது. தீயையும் பிரித்தாக வேண்டும் என்னுமிடத்தில் பேச்சு உணவை விட்டு வேறெங்கோ போய்விடுகிறது.

இதே பெங்களூரில், இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஏ.கே.என். ரெட்டி 1974-இல் தொடங்கிய 'அஸ்த்ரா' திட்டத்திலிருந்து கிராமப்புறத்திற்கென ஓர் அடுப்பு பிறந்தது. கன்னடத்தில் அடுப்பிற்கு 'ஒலெ' என்று பெயர். அது 'அஸ்த்ரா ஒலெ' ஆயிற்று. ஒரே தீயில் மூன்று பாத்திரங்கள் ஏறும் அமைப்பு. விறகைச் சிக்கனப்படுத்தவே அப்படி வடிவமைத்தனர். எந்தப் பாத்திரத்தில் என்ன வேகிறது என்பது பொறியாளரின் கவலையாக இருக்கவில்லை.

மலையில் செய்யத்தக்கது கடினமானதன்று. பருப்பும் சோறும் முதலில் இரண்டு தீயிலும் ஏறட்டும். அவை எல்லார்க்கும் பொது. கருவாடோ முட்டையோ அதன்பின், தனக்குரிய சட்டியில், எந்த அடுப்பு முதலில் ஒழிகிறதோ அதில்.