வின்டேஜாம் வின்டேஜ்!

கொஞ்ச நாளா எங்க வகுப்புல பாதிப் பேர் என்கிட்ட சரியாப் பேசறதில்ல. காரணம் ஒரு சைக்கிள். கேன்டீன்ல சொல்லிப் பார்த்தேன், கத்தல்ல எடுபடல. அதான் முழுசா இங்க எழுதறேன். சம்பந்தப்பட்ட நண்பன் பேரைப் போடல. படிச்சா அவனுக்கே தெரியும்.

கதை சின்னதுதான். ஸ்ரீரங்கத்துல நான் குடியிருக்கிற வீட்டு மாடிப்படிக்குக் கீழ ஒரு ராலே சைக்கிள் தூசியடைஞ்சு நின்னுச்சு. வீட்டுக்காரப் பாட்டியோட கணவர் பொன்மலை ரயில்வே பட்டறையில வேலை பார்த்தவர். அங்க ஃபோர்மேனா இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியர் குடும்பத்தோட ஆஸ்திரேலியா கிளம்பினப்போ தாத்தாவுக்கு வித்துட்டுப் போன வண்டி அது. தாத்தா போய்ச் சேர்ந்தப்புறம் யாரும் தொடல. பழைய இரும்புக்காரர் 500 ரூபாய்க்குக் கேட்டிருக்கார். நம்ம ஆள் 1,500 கொடுத்தான். பாட்டிக்கு அவ்வளவு சந்தோஷம், காபி வேற போட்டுக் கொடுத்தாங்க. அடுத்த மாசம் அதே வண்டியைப் பெங்களூர்க்காரர் ஒருத்தருக்கு 16,000-க்குத் தள்ளிட்டான். "செம மச்சி"ன்னு முதுகுல தட்டாத ஆள் இல்ல.

நான் தட்டல. ஏன்னு சொல்றேன்.

முதல்ல அந்த 500 எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாருங்க. அந்தக் காலத்து வண்டி ஏறக்குறைய இருபது கிலோ இருக்கும். கிலோ 25 ரூபான்னு போட்டா 500. அதாவது அவர் சைக்கிளுக்கு விலை சொல்லவே இல்ல, இரும்புக்குச் சொன்னார். அதுல தப்பும் இல்ல, அவர் தொழில் அது. ஆனா நண்பன் வாங்கினது இரும்பையா? "இரும்புக்காரனை விட மூணு மடங்கு கொடுத்தேன்டா"ன்னு பெருமை பேசறான். நகைக்கடைக்காரர் தங்கச் சங்கிலியைப் பித்தளை விலையோட ஒப்பிட்டு மூணு மடங்கு கொடுத்தா ஒத்துக்குவியா ராசா?

இப்ப வண்டிக்கு வருவோம். பழைய சைக்கிளுக்கு விலை சொல்ல ஜோசியம் வேண்டாம், கண்ணு போதும். முன்னாடி கழுத்துல இருக்கிற பட்டயத்துல நாட்டிங்ஹாம், இங்கிலாந்துன்னு இருக்கு. இது முக்கியம். ஏன்னா மேற்கு வங்காளம் ஆசன்சோல்ல சென்-ராலேன்னு ஒரு தொழிற்சாலை இங்கயே ராலே வண்டி செஞ்சுது. அதுவும் நல்ல வண்டிதான், ஆனா சேகரிக்கிறவங்க நாட்டிங்ஹாம் வண்டிக்குத்தான் கூடக் கொடுப்பாங்க. செயின் சக்கரத்துலயே கொக்குத் தலை வெட்டியிருக்கும், அதுவும் இருந்துச்சு. பின் சக்கரத்துல ஸ்டர்மி-ஆர்ச்சர் மூணு கியர் ஹப். அழுக்கைத் துடைச்சா அது மேல 58, 9-ன்னு ரெண்டு எண் குத்தியிருக்கு. 1958 செப்டம்பர்ல செஞ்ச ஹப்புன்னு அர்த்தம். ஹப்பைப் பின்னாடி மாத்தியிருக்கலாமேன்னு கேப்பீங்க. கேக்கணும். ஹப்போட தேதி ஹப்புக்கு மட்டும்தான் சாட்சி. அதனாலதான் பெயிண்ட், பட்டயம், மட்கார்டு, பெடல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகுதான்னு பார்க்கணும். இதுல ஒத்துப்போச்சு.

அப்புறம் ஃபிரேம். பெயிண்ட் போனா போகுது, மேல் துரு ஒண்ணும் பண்ணாது. ஃபிரேம் கோணலா, குழாய் மூட்டுகள்ல விரிசல் இருக்கான்னுதான் பார்க்கணும். அதுக்கு ஒரு நூல் போதும். பின் சக்கரம் மாட்டற இடத்துல ஒரு பக்கம் கட்டி, முன் கழுத்தைச் சுத்திக் கொண்டுவந்து மறுபக்கம் கட்டுங்க. சீட்டுக்குக் கீழ இருக்கிற குழாய்க்கும் நூலுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருந்தா ஃபிரேம் நேரா இருக்கு. எங்க வண்டியில இருந்துச்சு. சீட்டு ப்ரூக்ஸ் தோல் சீட்டு, கிழியல. (தாத்தா அதுக்கு எண்ணெய் போட்டே பார்த்துக்கிட்டாராம். ரொம்பப் போட்டா தோல் தொய்ஞ்சிடும், தாத்தா அளவு தெரிஞ்சவர்.) ப்ரூக்ஸ் சீட்டு இன்னைக்கும் புதுசா வருது. ஒண்ணு என்ன விலைன்னு தேடிப் பாருங்க, பாட்டிக்குக் கொடுத்த 1,500 எவ்வளவு பெருசுன்னு தெரியும்.

குறையும் இருந்துச்சு. கியர் மாத்தற நெம்புகோல் உடைஞ்சது. டயர் ரெண்டும் தூள். பிரேக் கட்டை கல்லாப் போயிருந்துச்சு. முன் சக்கரத்துல கோட்டம். நல்லவேளை, சக்கர அளவு நம்மூர் பெரிய சைக்கிள் அளவே, 28-க்கு ஒண்ணரை. எந்தக் கடையிலயும் டயர் கிடைக்கும். டயர், ட்யூப், பிரேக் கட்டை, காட்டர் பின், தேடிப் பிடிச்ச ஒரு பழைய நெம்புகோல், கோட்டம் எடுத்து ஓவராயிலிங் கூலி எல்லாம் சேர்த்து அவனுக்கு ஆனது 2,300. கணக்கு எனக்கு எப்படித் தெரியும்னா, கடைக்குக் கூடப் போனதே நான்தான்.

ஆமா. ஹப்புல இருந்த எண்ணைத் துடைச்சுக் காட்டினதும் நான்தான். "பளபளன்னு பெயிண்ட் அடிச்சுடலாமா"ன்னு கேட்டப்போ, அடிக்காதே, பழைய பெயிண்ட் போனா விலை போயிடும்னு தடுத்ததும் நான்தான். பாட்டிகிட்ட அவன் 1,500 நீட்டினப்போ பக்கத்துல நின்னு காபி குடிச்சவனும் நான்தான். வித்த அன்னைக்கு அவன் என் சட்டைப்பையில வச்ச ஆயிரம் ரூபாயை வாங்கிக்கிட்டேன். திட்டறவங்க இதையும் சேர்த்துத் திட்டுங்க.

அப்ப என்கிட்ட இல்லாத புத்தி எப்ப வந்துச்சுன்னா, வித்தப்புறம் அவன் போட்ட விளம்பரத்தைப் பார்த்தப்போ. "சுதந்திரத்துக்கு முந்தைய அபூர்வ வின்டேஜ் சைக்கிள், பரம்பரைச் சொத்து." யாரு பரம்பரைடா? 58-ன்னு கண்ணால பார்த்துட்டுத்தானே எழுதின? பாட்டிகிட்ட இதே வண்டியைப் பத்தி என்ன சொன்ன? "துருப்பிடிச்சது பாட்டி, ஓடுமான்னே தெரியல." வாங்கும்போது துரு, விக்கும்போது அபூர்வம்! நியாய விலைக்கு என்கிட்ட இருக்கிற ஒரே அளவுகோல் இதுதான்: வாங்கறப்போ சொன்னதையே விக்கறப்பவும் சொல்ல முடியுமா?

"மார்க்கெட் ரேட் அதுதான்டா, எல்லாரும் இருபது, முப்பதுன்னு போட்டிருக்கான்"ங்கிறான். விளம்பரத்துல போடறது விலையில்ல, ஆசை. நியாயமான விலை போட்ட வண்டி ரெண்டு நாள்ல போயிடும், விளம்பரத்தையும் எடுத்துடுவாங்க. மாசக்கணக்கா கண்ணுல படறது பூரா விலை போகாத வண்டிதான். அதைப் பார்த்து விலை வைக்கிறது, பரீட்சையில ஃபெயிலானவன் பேப்பரைப் பார்த்துக் காப்பியடிக்கிற மாதிரி :-)

"என் அறிவுக்கு விலை வேண்டாமா?" வேணும், தாராளமா. போட்டுப் பார்ப்போம். ஆனா 16,000-லேர்ந்து ஆரம்பிக்க முடியாது, அதுல ஒரு பங்கு அந்த 'சுதந்திரத்துக்கு முந்தைய' பொய்க்கு விழுந்த பணம். 1958-ன்னு உண்மையைச் சொல்லியிருந்தா 12,000 வந்திருக்கும்னு வைப்போம். 10,000-தான்னு நீ சொன்னா அதையும் பேசலாம். 12,000-ல செலவு 2,300 போக 9,700. ரெண்டு ஞாயித்துக்கிழமை உழைப்பு, விக்காமப் போயிருந்தா கையைக் கடிச்சிருக்குமேங்கிற பயம், எல்லாத்துக்கும் சேர்த்து 3,000 எடுத்துக்க. மிச்சம் 6,700. பாட்டிக்குப் போக வேண்டியது அது. போனது 1,500.

"அவங்களே சம்மதிச்சுத்தானே கொடுத்தாங்க?" சம்மதிச்சாங்க. எதுக்கு? ஓடாத துரு வண்டிக்கு. நீ வாங்கினது அந்த வண்டி இல்லையே. தெரியாத விஷயத்துக்கு எப்படிடா சம்மதம் சொல்வாங்க? ரெண்டு பேருமே கடைக்காரங்கன்னா நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். சந்தையில பேரம் பேசறவங்க ரெண்டு பேருக்கும் சரக்கு தெரியும். இங்க ஒருத்தருக்குத்தான் தெரியும், அவர் பாட்டி இல்ல.

பெங்களூர்க்காரருக்கும் ஒரு போன் போட்டு ஹப்பைத் துடைச்சுப் பார்க்கச் சொல்லு. அவர் 4,000 திருப்பிக் கேட்டா அது உன் பாடு. பாட்டி கணக்கு தனி: பாக்கி 5,200. அதுல என் ஆயிரம் கவர்ல போட்டு வச்சிருக்கு. நீ 4,200 கொண்டு வரணும். வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அதே மாடிப்படிகிட்ட நிக்கறேன். பாட்டி இன்னும் உன்னை "நல்ல பையன்டா, தாத்தா வண்டியை எடுத்து ஓட்டறான்"னுதான் சொல்லிக்கிட்டிருக்காங்க. வித்துட்டோம்னு யார் சொல்றது, நீயா நானா?