மீன் படாத மாதமும் பச்சைப் பட்டியும்

டைக்குவாண்டோ கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பழகத் தொடங்கிய குருநகர்ப் பிள்ளைகள் தோற்றாலும் கைகொடுத்துவிட்டு வருகிறார்கள், அதுவே பெரிய விசயம்.

உறுத்துவது பட்டிப் பரீட்சைக் காசு. தகப்பன் கடலுக்குப் போகாத மாதம் ஒரு பிள்ளை மஞ்சளோடு நின்றுவிட்டான். அவனிடம் உதை வாங்கியவன் பச்சை கட்டினான். வெட்கத்தில் இவன் இப்போது பழகவே போவதில்லை.

சியோலில் 1972இல் எழுந்த குக்கிவொன் சான்றிதழ் தருவது கறுப்புப் பட்டிக்குத்தான். 15 வயதுக்குக் கீழென்றால் அதுவும் 'பூம்' என்ற பெயரில். மஞ்சளும் பச்சையும் உள்ளூர்ப் பயிற்றுநர் கையில்தான் இருக்கின்றன. ஆசிரியர்கள் நாங்களும் தவணைப் பரீட்சை வைக்கிறோம், காசில்லை என்று யாரையும் வகுப்பேற்றாமல் விடுவதில்லையே!

பூம்சேயைப் பிழையில்லாமல் செய்கிற பிள்ளைக்குப் பட்டியைக் கட்டிவிடுங்கள் மாஸ்டர். காசு மீன் படுகிற மாதத்தில் வரும்.