இயந்திரத்தின் வாக்குக்கு யார் பொறுப்பு?

தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுக்கு வடக்கின் பல பகுதிகளிலிருந்தும் நோயாளர்கள் வந்து செல்கின்றனர். அந்தப் பிரிவின் கட்டடத்துக்கான நிதி எவ்வாறு திரட்டப்பட்டது என்பது பலருக்கும் நினைவிருக்கும். 2011 ஜூலையில் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை ஒரு குழுவினர் கால்நடையாகவே வந்து சேர்ந்தனர். வழிநெடுகிலும் சிங்கள, தமிழ், முஸ்லிம் மக்கள் அவர்களோடு சேர்ந்து நடந்தனர், இயன்றதைக் கொடுத்தனர். போர் ஓய்ந்து இரண்டே ஆண்டுகள் கடந்திருந்த நிலையில் மக்கள் நம்பிக் கொடுத்தமைக்குக் காரணம், கேட்பவர் யார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தமையேயாகும்.

ஒருவரிடம் சென்று ஒன்றைக் கேட்பதும், ஒரு பொருளை வாங்கும்படி இணங்கச் செய்வதும் இதுவரை மனிதருக்கு மனிதர் செய்துவந்த காரியங்களாகும். அந்த நிலை இப்பொழுது மாறத் தொடங்கியுள்ளது. சந்தைப்படுத்தலையும் விற்பனையையும் செயற்கை நுண்ணறிவு 'முகவர்'களிடம் ஒப்படைக்கும் வழக்கம் உலகெங்கும் பரவி வருகின்றது. இது பெரிய நிறுவனங்களின் விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது என்பதே எமது கருத்தாகும்.

முன்னர் நாம் கண்ட தானியங்கிச் சேவைகள் கேட்ட கேள்விக்கு எழுதிவைத்த பதிலை மாத்திரமே தந்தன. முகவர் எனப்படும் புதிய மென்பொருளோ ஒரு நோக்கத்தைக் கொடுத்தால் அதற்கான படிகளைத் தானே வகுத்துக்கொண்டு செயற்படுகின்றது. வாடிக்கையாளர் பட்டியலைப் படித்து யாரை அணுகலாம் எனத் தெரிவு செய்கின்றது. ஒவ்வொருவருக்கும் ஏற்றவாறு கடிதம் எழுதி அனுப்புகின்றது. மறுமொழி வந்தால் விலை கூறுகின்றது. வராவிட்டால் மீண்டும் நினைவூட்டுகின்றது. இறுதியில் கணக்கிலும் பதிந்து வைக்கின்றது. மனிதக் குரலில் தொலைபேசியில் உரையாடும் முகவர்களும் வந்துவிட்டன.

இதில் தமிழருக்கும் நேரடிச் சம்பந்தமுண்டு. 1996இல் தொடங்கப்பட்டு இன்று தென்காசிக் கிராமப்புறத்திலும் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ, 2010இல் சென்னையில் தொடங்கப்பட்டு 2021இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம்பிடித்த பிரெஷ்வேர்க்ஸ் ஆகிய இரண்டுமே இத்தகைய முகவர்களை உருவாக்கி விற்கும் நிறுவனங்களாகும். தமிழ் இளைஞர்கள் எழுதும் மென்பொருள் உலகின் பல நாடுகளில் விற்பனையாளரின் இடத்தில் அமர்கின்றது என்பதில் பெருமை கொள்ளலாம். ஆனால் பெருமையோடு சேர்த்து ஒரு கேள்வியையும் கேட்க வேண்டியுள்ளது. அந்த முகவர் சொல்லும் வாக்குக்கு யார் பொறுப்பு?

கனடாவில் இக்கேள்விக்கு ஒரு விடை கிடைத்துள்ளது. தமது பாட்டியார் காலமானதையடுத்து அவசரமாகப் பயணச்சீட்டு வாங்க முற்பட்ட ஒருவருக்கு, இறப்பு நிகழ்வுக்கான கட்டணச் சலுகையைப் பின்னரும் கோரலாம் என எயார் கனடா நிறுவனத்தின் தானியங்கி உரையாடல் சேவை கூறியது. அது தவறான தகவல். பணத்தைத் திருப்பித் தர மறுத்த நிறுவனம், அந்த உரையாடல் சேவை தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான தனியொரு சட்ட உருவம் என்று கூட வாதிட்டது. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அந்த வாதத்தை நிராகரித்து, பயணிக்கு இழப்பீடு வழங்குமாறு பணித்தது. தொகை சிறியது, ஆயிரம் டொலருக்கும் குறைவு. ஆனால் அதில் நிலைநாட்டப்பட்ட நியாயம் பெரியது. ஊரில் ஒரு சாவீடு என்றதும் ரொறன்ரோவிலிருந்து அடித்துப் பிடித்துப் புறப்படும் எம்மவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

இந்த மாற்றம் மனித உழைப்பையும் தொடுகின்றது. அமெரிக்காவின் சேல்ஸ்போர்ஸ் நிறுவனத்தின் தலைவர், வாடிக்கையாளர் ஆதரவுப் பிரிவில் 9,000 பேராக இருந்த பணியாளர்கள் முகவர்களின் வருகையால் சுமார் 5,000 ஆகக் குறைக்கப்பட்டதாக 2025இல் வெளிப்படையாகவே கூறினார். மறுபுறத்தில், தனது இயந்திர உதவியாளர் 700 பேரின் வேலையைச் செய்கின்றது என 2024இல் அறிவித்த சுவீடனின் கிளார்னா நிறுவனம், சேவையின் தரம் குறைந்துவிட்டதை உணர்ந்து அடுத்த ஆண்டே மனிதர்களை மீண்டும் சேர்க்கத் தொடங்கியது. வேலையிழப்பு உண்மையானது, அதே வேளை, இயந்திரத்தால் எல்லாம் முடியும் என்ற கணக்கும் பிழைக்கக்கூடியது.

தெல்லிப்பழைக்கு வருவோம். 1816இல் அமெரிக்க மிஷனால் தொடங்கப்பட்ட யூனியன் கல்லூரியும், 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளையால் நிறுவப்பட்ட மகாஜனக் கல்லூரியும் உள்ள ஊர் இது. கல்விக்குக் குறைவில்லாத இவ்வூரின் பிள்ளைகளுக்கு விற்பனைப் பிரதிநிதி வேலையும், வாடிக்கையாளர் சேவை நிலைய வேலையும் முதற்படியாக இருந்து வந்துள்ளன. முகவர்கள் முதலில் பறிப்பது அந்த முதற்படியைத்தான். எனவே, முகவரை இயக்கவும் அதன் பிழையைக் கண்டு திருத்தவும் தெரிந்தவர்களாக அவர்களை ஆக்கும் பயிற்சி, பாடசாலைகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் தாமதமின்றித் தொடங்கப்பட வேண்டும்.

வலிகாமம் வடக்கின் செம்மண்ணில் விளையும் வெங்காயத்துக்கும் வாழைக்கும் சந்தையில் என்ன விலை என்பதை விவசாயி தீர்மானிப்பதில்லை. போதாக்குறைக்கு 'கழிவு' என்ற பெயரில் நிறையிலும் ஒரு பகுதி கழிக்கப்படும் வழக்கம் பற்றி அவர்கள் நீண்டகாலமாகவே முறையிட்டு வருகின்றனர். பனங்கட்டி, ஒடியல், மிளகாய்த்தூள், வடகம் எனச் சிறு கைத்தொழில் செய்யும் பெண்களின் நிலையும் இதுவே. வாங்கும் ஆவலுடன் புலம்பெயர்ந்த உறவுகள் இருக்கின்றனர். ஆனால் அவர்களுடைய கேள்விகளுக்கு உடனுக்குடன் பதில் எழுதவும், ஆங்கிலத்தில் விலைப்பட்டியல் தயாரிக்கவும் ஆளில்லை. ரொறன்ரோவில் மாலையில் எழும் கேள்விக்கு இங்கு விடியுமுன்னரே மறுமொழி போய்ச் சேருமாயின் அது சிறு உற்பத்தியாளருக்குப் பேருதவியாகும். தனியொருவரால் இயலாததைக் கூட்டுறவுச் சங்கங்கள் பொறுப்பேற்றுச் செய்யலாம். அலுப்பூட்டும் வேலை இயந்திரத்துக்கு, வாக்குக் கொடுக்கும் வேலை மனிதருக்கு என்ற பிரிவினை இங்கு பொருந்தும்.

ஆனால் இதே கருவி வேறு கைகளிலும் இருக்கும். புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் தெல்லிப்பழைக்கு வந்து போகும் ஒருவர் தம் நோயைப் பற்றி இணையத்தில் தேடுகின்றார் என வைத்துக்கொள்வோம். அவருடைய அச்சத்தை அறிந்து, அவருடைய பெயரைச் சொல்லி, இனிய தமிழில் 'அற்புத மருந்து' விற்கும் ஒரு குரலுக்கு அலுப்போ கூச்சமோ கிடையாது. கடன் விற்பவர்களின் கையிலும் இது வரும். நுண்நிதிக் கடனால் வடக்கு, கிழக்குப் பெண்கள் பட்ட பாடும், 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு அரசாங்கம் கடன் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தமையும் மறக்கத்தக்கவையல்ல. அன்று வீட்டு வாசலுக்கு வந்தவருக்கு முகமாவது இருந்தது. நாளை கையடக்கத் தொலைபேசியில் ஓயாது அழைக்கப்போவதற்கு அதுவும் இராது.

எமது மண்ணில் வணிகம் முகம் பார்த்து நடந்த ஒன்றாகும். கடைக்காரரின் கொப்பியில் எழுதப்பட்ட கடனுக்குச் சாட்சியும் இல்லை, கையொப்பமும் இல்லை. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் போரினால் இடம்பெயர்ந்தபோதும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோதும் வீடுகளோடும் கடைகளோடும் சேர்ந்து அழிந்தது அந்த நம்பிக்கைப் பிணைப்புமாகும். மீளக் குடியேறிய தமிழரும் முஸ்லிம்களும் அதனைச் சிறிது சிறிதாகவே மீளக் கட்டியெழுப்பி வருகின்றனர். வணிகர் பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேண வேண்டும் என்பதை வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்தார். அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் தொடங்குகின்றது. இரு சமூகத்தினருக்கும் விற்பவரின் நேர்மை அறத்தின் பாற்பட்டது. அறத்துக்குப் பொறுப்பேற்க இயந்திரத்தால் இயலாது. அதை ஏவியவரால் மாத்திரமே இயலும்.

சட்டத்தைப் பொறுத்தவரை நாம் வெறுங்கையுடன் இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், விளம்பரச் செய்திகளை அனுப்புவதற்குப் பெறுபவரின் சம்மதத்தை வேண்டுகின்றது. தன்னியக்கமாக எடுக்கப்படும் முடிவுகளை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையையும் அது அளிக்கின்றது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் பிரதான ஏற்பாடுகள் பிற்போடப்பட்டு, அதே ஆண்டில் சட்டமும் திருத்தத்துக்குள்ளானது. சட்டம் தயங்கி நின்றாலும் தொழில்நுட்பம் காத்து நிற்பதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பொருள் விற்கும் நோக்குடன் இணையத்தில் உரையாடும் இயந்திரம் தன்னை மனிதர்போல் காட்டி ஏமாற்றக் கூடாது என்ற சட்டம் 2019 ஜூலையிலேயே அமுலுக்கு வந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட குரலில் சம்மதமின்றித் தானியங்கி அழைப்புகள் எடுப்பது சட்டவிரோதமானது என 2024 பெப்ரவரியில் அந்நாட்டின் தொடர்பாடல் ஆணைக்குழு அறிவித்தது.

இலங்கையிலும் மூன்று விடயங்கள் தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும். முதலாவது, பேசுவது இயந்திரமாயின் உரையாடலின் தொடக்கத்திலேயே அது சொல்லப்பட வேண்டும். இரண்டாவது, முகவர் கூறிய விலையும் வாக்குறுதியும் அதனை ஏவிய நிறுவனத்தின் விலையாகவும் வாக்குறுதியாகவுமே கொள்ளப்பட வேண்டும். மூன்றாவது, எந்தக் கட்டத்திலும் ஒரு மனிதருடன் பேசும் வழி இருக்க வேண்டும். அது தமிழிலும் இருக்க வேண்டும். விற்பதற்கு மட்டும் தமிழில் பேசிவிட்டு, முறைப்பாடு என்றதும் பிறிதொரு மொழிக்கு மாறும் வழக்கத்தை இயந்திரத்தின் பெயரால் மேலும் நீடிக்க விடலாகாது. இவற்றை நடைமுறைப்படுத்தும் கடமை தரவுப் பாதுகாப்பு அதிகாரசபைக்கும் நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கும் உண்டு. வட, கிழக்கு மக்கள் பிரதிநிதிகள் இவ்விடயத்தைப் பாராளுமன்றத்தில் எழுப்ப வேண்டும்.

கருவியை வெறுத்து ஒதுக்குவதால் எமக்கு ஆகப்போவது எதுவுமில்லை. எமது விவசாயியும் வணிகரும் அதைப் பயன்படுத்தட்டும், பயன்பெறட்டும். ஆயினும் தெற்கிலிருந்து நடந்து வந்தவர்களை நம்பி மக்கள் கொடுத்த பணத்தில் ஒரு சிகிச்சைப் பிரிவு எழுந்தது என்பதையும் மறவாதிருப்போம். அன்று கேட்டவர்கள் தம் முகத்தை மறைக்கவில்லை. இனிவரும் காலத்தில் எம்மிடம் விற்க வருபவர்களிடமும் நாம் கேட்பது அதைத்தான்: விற்பவர் யாரென்று சொல்லட்டும், சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்கட்டும்.